ஆத்துக்கு இந்தப் பக்கம்

வாங்க தம்பி, செருப்பை அங்ஙனயே கழட்டிட்டு வாங்க. மாடியைக் காட்டுதேன். சாவியை வீட்டுக்காரி தேடுதா, எங்கயாவது வச்சிருப்பா. அதுக்குள்ள ஒரு விசயத்தைச் சரி பண்ணிடுவோம். போன்ல என்ன சொன்னீங்க? “திருநெல்வேலியில நல்ல வீடே கெடைக்க மாட்டேங்கு சார்”னு சொன்னீங்கள்லா? இது திருநெல்வேலி இல்ல. பாளையங்கோட்டை. ஆத்துக்கு அந்தப் பக்கம் திருநெல்வேலி, இந்தப் பக்கம் பாளையங்கோட்டை. நடுவுல தாமிரவருணி ஓடுது. பாலத்தைக் கெட்டிட்டா ரெண்டும் ஒண்ணாயிருமா?

என்ன சிரிக்கீங்க? தெருமுக்குல போர்டைப் பாத்துட்டீங்களா? ‘ஊராட்சி உங்களை அன்புடன் வரவேற்கிறது’ன்னு இருக்கும். அது பழைய போர்டு. எடுக்கச் சொல்லி மனு குடுத்திருக்கோம். எங்க விலாசம் வி.எம். நகர் விரிவாக்கம், பகுதி ரெண்டு. எதோட விரிவாக்கம்? பாளையங்கோட்டையோட விரிவாக்கம்தானே. பஸ் ஸ்டாண்டுல இருந்து மூணு கிலோமீட்டர், கொஞ்சம் கூடவும் இருக்கும். கார்ப்பரேசன் தண்ணி இன்னும் வரல, லாரியில ஊத்துதான். அது வேற விசயம்.

எம்பேரு நெல்லைநாயகம். சிரிச்சிருங்க, அடக்காதீங்க. பாளையங்கோட்டைக்காக இவ்வளவு பேசுதவன் பேருல நெல்லை இருக்கு. எங்கப்பா வச்சது, நான் என்ன செய்ய. பள்ளிக்கூட ஆபீசுல ஹெட் கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனேன். எங்க ஊருல தடுக்கி விழுந்தா ஒரு பள்ளிக்கூடத்து வாசல்லதான் விழணும். அந்தப் பக்கம் தடுக்கி விழுந்தா அல்வாக் கடையில விழணும். ரெண்டு ஊருக்கும் அவ்வளவுதான் வித்தியாசம், ஆனா அது பெரிய வித்தியாசம்.

வீட்டுக்காரி வடிவு பேட்டைக்காரி. பேட்டை ஆத்துக்கு அந்தப் பக்கம்தான், ஆனா பேட்டை டவுன்ல சேராதுன்னு டவுன்காரனே சொல்லுவான். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் நான் சம்மதிச்சேன். அவ எதுக்குச் சம்மதிச்சான்னு இன்னும் சொல்ல மாட்டேங்கா.

மாடியில முன்னால யாரு இருந்தாங்கன்னு கேட்டீங்க. எங்க சம்பந்தி இருந்தாரு. பிரமநாயகம்னு பேரு. டவுன் ரதவீதியில பாத்திரக்கடை வச்சிருந்தவரு. ஆமா, டவுன்காரரு. எம்வீட்டு மாடியில. அதைச் சொல்லணும்னா கொஞ்சம் பின்னாலருந்து சொல்லணும். உக்காருங்க. காப்பியைக் குடிச்சுக்கிட்டே கேளுங்க, அவசரமா ஒண்ணும் போகலியே?

எங்களுக்கு ஒரே பொண்ணு, சுபா. சென்னையில வேலை. அங்கயே கூட வேலை பாக்குத பையனைப் பிடிச்சிருக்குன்னு சொன்னா. நல்லதும்மா, நம்ம ஆளுவதானான்னு கேட்டேன். நம்ம ஆளுவதாம்பா, திருநெல்வேலிதான்னா. எனக்கு நெஞ்சுல சின்னதா ஒரு இடி. திருநெல்வேலின்னா எங்கன்னேன். டவுன்னா. வடிவு உள்ள சிரிக்கது எனக்குக் கேட்டுச்சு. நான் சுபாகிட்ட சொன்னேன், “எம்மா, சாதகம் பாக்கணும், குடும்பம் விசாரிக்கணும்.” அவ, “எப்பா, ரெண்டும் ஒரே கார்ப்பரேசன். மேயரே ஒரு ஆளு”ங்கா. இந்தக் காலத்துப் பிள்ளையளுக்குச் சரித்திரம் தெரியாது.

பையன் பேரு ஹரிஹரசுதன். குறை சொல்ல முடியாத பையன், அதுவே எனக்குப் பெரிய குறையாப் போச்சு. வேற எதைச் சொல்லித் தட்டிக் கழிக்க? சரின்னுட்டேன்.

மொதச் சண்டை பத்திரிகையில வந்துது. அவங்க அடிச்ச பத்திரிகையில பொண்ணு வீட்டு விலாசத்துல ‘திருநெல்வேலி – 2’ன்னு போட்டிருந்தாரு. பாளையங்கோட்டைங்கிற எழுத்தே இல்ல. ரெண்டாம் நம்பராம்! போனைப் போட்டேன். “என்ன சம்பந்தி, எங்க ஊரு பேரை முழுங்கிட்டீரே”ன்னேன். “தபாலாபீசுக்காரன் அப்படித்தானவே சொல்லுதான்”னாரு. “அப்பம் உங்க டவுன் என்ன நம்பரு? திருநெல்வேலி – 6. ரெண்டு முன்னால வருமா, ஆறு முன்னால வருமா?”ன்னு கேட்டுட்டு போனை வச்சேன். அன்னைக்கு ராஜா மாதிரி தூங்குனேன் தம்பி. இப்ப நெனச்சா சிரிப்பு வருது. சின்ன நம்பர் வந்துதுன்னு ஒரு ஆம்பள சந்தோசப்படலாமா?

அப்புறம் மண்டபம். இந்தப் பக்கம்தான் வைக்கணும்னு நானு, அந்தப் பக்கம்தான் வைக்கணும்னு அவரு. கடைசியில வண்ணார்பேட்டையில வச்சோம். வண்ணார்பேட்டை ஆத்துக்கு இந்தப் பக்கம், அப்பம் நான் செயிச்சிட்டேன்னு நெனச்சேன். வண்ணார்பேட்டை பாளையங்கோட்டையே இல்ல, அது வண்ணார்பேட்டை, அப்பம் நீரு செயிக்கலன்னு அவரு நெனச்சிருக்காரு. ரெண்டு பேரும் செயிச்ச சந்தோசத்துல தாலி கெட்டியாச்சு.

எல்லாம் பந்தியிலதான் கெட்டுது. ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து இலையில உக்காந்திருக்கோம். அவரு டம்ளர்ல தண்ணியைக் குடிச்சிட்டு, “இந்தப் பக்கத்துத் தண்ணி என்னவே சப்புன்னு இருக்கு”ன்னாரு. ஒரே ஆத்துத் தண்ணி! நான் சும்மா இருந்தேன். பொண்ணைப் பெத்தவன்லா. அவரு விடல. சுத்தி நாலு பேரு கேக்குத மாதிரி, “பாளையங்கோட்டைக்கு நாங்க வாரது ரெண்டே காரணத்துக்குத்தான். ஒண்ணு சீக்கு, பெரியாஸ்பத்திரிக்கு வரணும். இன்னொண்ணு கேசு, ஜெயிலுக்கு வரணும். இப்ப மூணாவதா கல்யாணம் வந்திருக்கு”ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அவங்க ஆளுவ மட்டுமில்ல, எங்க ஆளுவளும் சிரிச்சாங்க. எம்மச்சினன், ஆக்கங்கெட்டவன், எலையில சாம்பாரு சிந்துத அளவுக்குச் சிரிச்சான்.

பொண்ணைப் பெத்தவங்கிறதெல்லாம் அப்ப மறந்து போச்சு. “டவுன்ல மட்டும் என்னவே இருக்கு? ஒரு தேரு, ஒரு அல்வா. ஒண்ணை வருசத்துக்கு ஒருக்க ஊரே கூடி இழுக்கு, இன்னொண்ணை தெனமும் நாலு விரலால இழுக்கு. இழுக்கதைத் தவிர வேற என்ன தெரியும் உங்களுக்கு?”ன்னுட்டேன்.

இந்தத் தடவ சிரிப்பு மண்டபத்தையே தூக்குது. எனக்குக் காது குளுந்து போச்சு. திரும்பிப் பாத்தா அவரு இலையை மடிக்காரு. பாதிச் சாப்பாட்டுல எந்திரிச்சிட்டாரு தம்பி. பாயசம் வரல. அவரு சம்சாரம் ஓடிவந்து, “என்னங்க, உக்காருங்க”ன்னு கையைப் பிடிக்கா. அவரு என்னைப் பாத்து, “இனி ஆத்தைத் தாண்டி உம்ம வாசல்ல காலு வச்சா நான் பிரமநாயகம் இல்ல”ன்னாரு. நானும் சும்மா இருக்கலாம்லா? “வெத்தல பாக்கு வச்சு அழைக்க ஆளு அனுப்ப மாட்டேன், பயப்படாதீரும்”னேன். சுபா மேடையில இருந்து பாத்துக்கிட்டே நின்னா. கல்யாண வீடியோவுல அது இருக்கு. இன்னும் அந்த வீடியோவை நாங்க சேந்து உக்காந்து பாத்ததில்ல.

நாலு வருசம் பேச்சு வார்த்தை கெடையாது. சுபாவும் மாப்பிள்ளையும் சென்னையிலருந்து வந்தா பாதி நாள் அங்க, பாதி நாள் இங்க. பேரன் பொறந்ததுக்கு நாங்க காலையில போய்ப் பாத்தா அவங்க சாயங்காலம் வருவாங்க. நடுவுல அவரு சம்சாரம் தவறிப் போச்சு. நல்ல மனுசி, நான் போனேன். வடிவு உள்ள போயிட்டா, நான் தெருவுல பந்தலுக்கு வெளிய நின்னேன். அவரு என்னைப் பாத்தாரு. தலையாட்டுனாரு. நானும் தலையாட்டுனேன். ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். என்ன வார்த்தைன்னுதான் தெரியல. எனக்கு அவர்கிட்ட சண்டைப் பேச்சு மட்டும்தான் பழக்கம், சாவு வீட்டுத் துட்டிக்குப் போய் அதைப் பேச முடியுமா.

அப்புறம் அந்தப் பெருமழை. நீங்க அப்ப இங்க இல்லையோ? வானம் பொத்துக்கிட்டு ஊத்துது. அணையைத் தெறந்துட்டான், ஆறு ரெண்டு கரையும் ஏறி வருதுன்னு டிவியில காட்டுதான். நான் நாற்காலியில உக்காந்து வடிவுகிட்ட, “பாத்தியா, நம்ம பக்கம் மேடு. அந்தக் காலத்துலயே வெள்ளைக்காரன் ஹைகிரவுண்டுன்னு சும்மாவா பேரு வச்சான்?”னு சொல்லிக்கிட்டிருக்கேன். அப்ப சுபா போன். அழுதா. “எப்பா, மாமா போன் எடுக்கல. நேத்துலருந்து எடுக்கல. அவுக தெருவுல கழுத்தளவு தண்ணின்னு வாட்ஸ்அப்ல வருது. இங்கருந்து ரயிலும் இல்ல பஸ்சும் இல்ல.”

“டவுன்ல எப்படிம்மா தண்ணி ஏறும்?”னேன்.

“அவுக வீடு டவுன்ல எங்கப்பா இருக்கு? மீனாட்சிபுரத்துல ஆத்துக்குப் பக்கத்துலலா இருக்கு”ன்னா.

அப்பத்தான் எனக்கு உறைக்குது. துட்டிக்கு நான் போய் நின்னதே மீனாட்சிபுரத்துலதானே! கடையை வித்ததும் ஜங்சன் பக்கம் வீடு கெட்டிக்கிட்டு வந்துட்டாரு. டவுனுக்கும் அதுக்கும் இடையில ரயில் தண்டவாளமே ஓடுது. இவ்வளவு நாளா டவுன் டவுன்னு பேசுனவரு டவுன்லயே இல்ல! தம்பி, பொய் சொல்லக் கூடாது, அந்த நேரத்துலயும் எனக்கு மொதல்ல வந்தது சந்தோசம்தான். ஒரு நிமிசம்தான். 

வடிவு உள்ள போனா. குடையை எடுத்துக்கிட்டு வந்து நின்னா. “நீங்க போறியளா, நான் போகட்டுமா?”ன்னா. அவ கேட்டா கேட்டதுதான். போனேன்.

பாலத்துல போலீஸ் மறிச்சு நிக்கான். ஆறு பாலத்தைத் தொட்டுக்கிட்டு ஓடுது, அந்தச் சத்தத்தை நான் சென்மத்துல மறக்க மாட்டேன். “எங்க போறீங்க பெரியவரே?”ன்னான். “சம்பந்தி வீட்டுக்கு”ன்னேன். “இந்த மழையில என்ன விருந்து?”ன்னான். அந்த நேரம் பாத்து ஒரு டிராக்டர் வருது, ரொட்டி, பால் பாக்கெட் ஏத்திக்கிட்டு. இளந்தாரிப் பயலுவ நாலஞ்சு பேரு. ஒருத்தன் நான் வேலை பாத்த பள்ளிக்கூடத்துல படிச்சவன். “கிளார்க் சார், ஏறுங்க”ன்னான். ரொட்டி மூட்டைக்கு மேல உக்காந்துதான் நான் ஆத்தைத் தாண்டுனேன். பாதி ரொட்டி எனக்குக் கீழ நசுங்கிப் போச்சு. அந்தப் பக்கத்துக்கு நான் செஞ்ச மொத உதவி அது.

மீனாட்சிபுரத்துல தெரு ஆறாக் கெடக்கு. டிராக்டர் ஒரு மேட்டுல நின்னுட்டுது. அங்கருந்து கடல்ல மீன் பிடிக்குத பயலுவ படகு கொண்டுவந்து ஆளுவளை ஏத்துதான். பாத்தா, நம்ம ஆளு மொட்டமாடியில நிக்காரு. கையில குடை, இன்னொரு கையில ஒரு பிளாஸ்டிக் பை. படகு மாடிப்படிக்கிட்ட நிக்கு. மனுசன் ஏற மாட்டேங்காரு.

“ஏன் ஏற மாட்டேங்காரு?”ன்னு படகுக்காரன்கிட்ட கேட்டேன். “பாளையங்கோட்டையில ஒரு மண்டபத்துல முகாம் போட்டிருக்கு, அங்க கொண்டு விடுவோம்னு சொன்னோம். அங்க வர மாட்டேன், டவுன்ல எங்கயாவது விடுன்னு பெரியவரு அடம் பிடிக்காரு. டவுனுக்குப் போற ரோடு தண்ணிக்குள்ள கெடக்கு. நாங்க என்ன செய்ய?”ன்னான்.

எனக்கு வந்துது பாருங்க கோவம். டிராக்டர்ல எந்திரிச்சு நின்னு கத்துனேன். “ஏறும்வே!”

அவரு குடையைச் சாய்ச்சுப் பாத்தாரு. நாலு வருசம் கழிச்சு எங்கிட்ட பேசுன மொத வார்த்தை என்ன தெரியுமா? “நீரு யாருவே எனக்கு உத்தரவு போட?”

“உம்ம மருமக அழுதுகிட்டுக் கெடக்கா. ஏறும்.”

“பாளையங்கோட்டைக்கு வர மாட்டேன்னு சொன்னவன் நான். பேச்சு மாற மாட்டேன்.”

“முகாமுக்கு வேண்டாம்வே. எங்க வீட்டுக்கு வாரும்.”

“அதுவும் பாளையங்கோட்டைதானே?”

சுத்தி அத்தனை பேரு. டிராக்டர்ல பயலுவ, அடுத்த மாடியில பொம்பளையாளுவ, படகுல ஒரு அம்மா பச்சப் பிள்ளையை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா, நனைஞ்சுக்கிட்டு. எல்லாரும் என்னையே பாக்காங்க. தண்ணி ஏறிக்கிட்டே வருது. எனக்கு வேற வழி தெரியல தம்பி. எங்கூடப் பொறந்தவங்கிட்ட, எம்பொண்டாட்டிகிட்டகூட நான் ஒத்துக்கிட்டது கெடையாது. வாயைத் தெறந்து, ஊரு கேக்கக் கத்துனேன்.

“எங்க வீடு பாளையங்கோட்டை இல்லவே! பஞ்சாயத்து! பாளையங்கோட்டைக்கு மூணு கிலோமீட்டர் தள்ளி, கருவேலங்காட்டுக்குள்ள கெடக்கு! தண்ணி லாரியில வருது! போதுமா?”

 அந்தக் கிளார்க் சார்னு கூப்பிட்ட பய சிரிப்பை அடக்க ரொட்டியை வாயில வச்சுக்கிட்டான். பிரமநாயகம் பையைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டாரு. குடையை மடக்குனாரு.

“இதை அன்னைக்கே சொல்லியிருந்தா நான் பாயசம் குடிச்சிருப்பேன்லாவே”ன்னு சொல்லிக்கிட்டே படகுல ஏறுனாரு.

பையில என்ன வச்சிருந்தாருன்னு நெனைக்கீங்க? சம்சாரத்துப் போட்டோ. அதை மட்டும் நனையாம வச்சிருந்தாரு. டிராக்டர்ல வழி நெடுக எங்குடையை அந்தப் பைக்கு மேல பிடிச்சுக்கிட்டே வந்தேன்.

ஒண்ணரை மாசம் மாடியில இருந்தாரு. அவரு வீட்டுல சேறு எடுத்து, சுவரு காஞ்சு, கரண்டு வாரதுக்கு அவ்வளவு நாளாச்சு. நீங்க நெனைப்பீங்க, வெள்ளத்துல காப்பாத்துனவன், பாசமா இருந்திருப்பாங்கன்னு. ஒரு நாளு சண்டை இல்லாம விடியல. காலையில காப்பியை வாயில வச்சதும், “லாரித் தண்ணிக் காப்பி”ம்பாரு. நான் பேப்பரை விரிச்சுக்கிட்டு, “ஆத்துத் தண்ணி வீட்டுக்குள்ள வந்தவன் பேசக் கூடாது”ம்பேன். பிறகு சாப்பாடு வரைக்கும் ஓடும். எங்க ஊருல படிச்சவன் அதிகமா, அவுக ஊருல சம்பாதிச்சவன் அதிகமா. தேருல தொடங்கி தெருக்குழாய்ல போய் நிக்கும். வடிவு சமையக்கட்டுல இருந்து, “ரெண்டு பேருமே கார்ப்பரேசன் எல்லைக்கு வெளிய உக்காந்துக்கிட்டு என்ன பேச்சு”ம்பா. ரெண்டு பேரும் சேந்து அவளைப் பாத்து, “பேட்டைக்காரி பேசக் கூடாது”ம்போம்.

ஒரு நாளு வெள்ளத்துல வீட்டை விட்டு வந்தவங்களைக் கணக்கு எடுக்க ஒரு பிள்ளை வந்துது. அவரு வாசல்ல நின்னு விலாசம் சொல்லுதாரு. நான் மாடிப்படியில நிக்கது அவருக்குத் தெரியாது. “டவுனா சார்?”னு அந்தப் பிள்ளை கேக்கு. அவரு குரலைத் தாழ்த்தி, “டவுன் இல்லம்மா. மீனாட்சிபுரம்”னாரு. அதை வச்சு நான் அவரை ஒரு வருசம் ஓட்டியிருக்கலாம். ஓட்டல.  சத்தங்காட்டாம பைய மேல ஏறிப் போயிட்டு, செருப்புச் சத்தம் கேக்க மறுபடி எறங்கி வந்தேன்.

இப்ப அவரு சென்னையில. ஹரி வந்து, “அப்பா தனியா இருக்க வேண்டாம்”னு கூட்டிட்டுப் போயிட்டான். மருமகனுக்கு வீடு கூடுவாஞ்சேரியில. அங்க போயும் மனுசன் சும்மா இல்ல. கூடுவாஞ்சேரி சென்னையே இல்லன்னு தாம்பரத்துக்காரரு ஒருத்தரு வாக்கிங்ல சொன்னாராம். தாம்பரம் மட்டும் சென்னையாய்யான்னு இவரு கேட்டாராம். இப்ப அங்க கூடுவாஞ்சேரிக் கட்சிக்கு இவருதான் தலைவரு. போன வாரம் போன்ல, “இங்க எல்லாவனும் என்னைத் திருநெல்வேலிக்காரருங்கான்வே. உம்மையும் சேத்துத்தான் சொல்லுதான், பாத்துக்கிடும்”னாரு. “நீரு மறுத்துச் சொல்லலியா?”ன்னேன். “சொல்ல வந்தேன், எதுக்குன்னு விட்டுட்டேன்”னாரு.

அவரைத் தேடுதுன்னெல்லாம் இல்ல தம்பி. வீடு அமைதியா இருக்கு, நல்லாத்தான் இருக்கு. காலையில பேப்பரை முழுசா படிக்க முடியுது. முழுசா படிக்கதுக்கு அதுல ஒண்ணுமில்லன்னு இப்பத்தான் தெரியுது.

மாடிக்கு ரெண்டு பேரு வந்து பாத்துட்டுப் போனாங்க. ஒருத்தரு பாளையங்கோட்டைக்காரரு, பக்கத்துத் தெரு, தங்கமான குடும்பம். நான் எதைச் சொன்னாலும் “ஆமா சார், கரெக்ட் சார்”ங்காரு. அரை மணி நேரம் பேசுனேன், அத்தனைக்கும் கரெக்ட் சார். இப்படிப்பட்ட ஆளை வீட்டுல வச்சுக்கிட்டு என்ன செய்ய? பெயின்ட் அடிக்கணும், ரெண்டு மாசம் ஆகும்னு சொல்லி அனுப்பிட்டேன். வடிவு மூணு நாளு எங்கூடப் பேசல. இன்னொருத்தரு கோயம்புத்தூர்க்காரரு, வந்ததுலருந்து போறது வரைக்கும் பாத்ரூம் டைல்சைத்தான் பாத்தாரு.

அதிருக்கட்டும், உங்களுக்குச் சொந்த ஊரு எதுன்னு நான் கேக்கவே இல்லையே.

தூத்துக்குடியா? அட. ஊருக்குள்ளயா, இல்ல புறத்தால முத்தையாபுரம் பக்கமா? ஊருக்குள்ளதானா? சரி, எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம். உப்புக்காத்துல வளந்த ஆளு, அதான் காப்பியை ஒரு மாதிரி பாக்கீங்க.

என்னது? என்ன சொன்னீங்க இப்ப? அல்வா வெறும் நெய்யும் சீனியுமா? உங்க ஊரு மக்ரூன் பக்கத்துல வைக்க முடியாதா? முட்டையையும் முந்திரியையும் நொரைக்க அடிச்சு, வாயில வச்சா காத்து மாதிரி போயிரும், அதை வச்சுக்கிட்டு… இருங்க, இருங்க. எந்திரிக்காதீங்க. ஏட்டி, இன்னும் ரெண்டு காப்பி கொண்டா! சாவி மெதுவா கெடைக்கட்டும். மாடி உங்களுக்குத்தான், அதுல பேச்சே இல்ல.

எம்போனு எங்க? ஆங்… ஹலோ, சம்பந்தி? நாந்தான்வே. வாக்கிங் போயிட்டு வந்துட்டீரா? இங்க மாடிக்கு ஒரு தம்பி வந்திருக்காரு, தூத்துக்குடிக்காரரு. நம்ம அல்வா ஒண்ணுமே இல்லங்காரு. ஆமா. எம்மூஞ்சிக்கு நேரா, எங்காப்பியைக் குடிச்சுக்கிட்டே சொல்லுதாரு. நான் ஒருத்தன் பேசுனா பத்தாதுவே, நீரும் வாரும்.

இந்தாங்க தம்பி, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். பயப்படாம பேசுங்க.